மூடி இந்த வீட்டில், சட்டி அந்த வீட்டில்

எங்கள் தொடர்மாடியில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று சொல்ல எனக்கு மூக்கு மட்டும் போதும். ஆனாலும் கண்ணும் இருக்கிறது, குசினி யன்னலும் இருக்கிறது, அதற்கு நேரெதிரே ஷஹீமாவின் குசினி யன்னலும் இருக்கிறது. நடுவில் காற்று வரட்டும் என்று விட்ட இடைவெளி. அதனூடாகக் காற்று வந்து நான் கண்டதில்லை. செய்திதான் வரும்.

அன்று வந்த செய்தி மாட்டிறைச்சி.

ஷஹீமா குடியிருப்பது கிருபாகரன் அண்ணையின் வீட்டில். அவர் மகனோடு கல்கிசைக்குப் போய்விட்டார், சாமிகள் போகவில்லை. சாமிப் படங்களை இடம் மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு சாத்திரி சொல்லிவிட்டாராம். அதனால் வெள்ளவத்தை வீட்டில் ஒரு அறையைப் பூட்டி வைத்துவிட்டு மிச்சத்தை வாடகைக்கு விட்டார். வெள்ளிக்கிழமைகளில் திறப்போடு வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார். முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுக்கிறாரே, பரந்த மனசுதான் என்று நாங்கள் எல்லோரும் வியந்தோம். பரந்த மனசுக்கும் ஒரு வேலி இருந்தது. அதை அவர் கொரிடோரில் நின்று, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"கோழி, மீன் என்னவும் சமையுங்கோ. மாடு மட்டும் இந்த வாசல் தாண்டக் கூடாது. தாண்டினா அந்த மாசக் கடைசியில வீட்டை விடவேணும். பிறகு என்னோட கதைக்க வரக் கூடாது."

ஷஹீமா தலையாட்டினாள். தலையாட்டியபடியே ஒழுங்காகவும் இருந்தாள். அதற்கு நானே சாட்சி. ஒரு நாளாவது பிடித்துவிடலாம் என்று நானும் பார்க்காமல் இல்லை.

பிறகு அவளுடைய புருஷன் நப்ரீஸ் காலி வீதியில் முச்சக்கர வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டான். தாடை உடைந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிவிட்டார்கள். போன் கடையில் நின்று வாய் ஓயாமல் விற்ற பொடியன், ஸ்ட்ரோ வைத்துப் பால் உறிஞ்சிக்கொண்டு கிடந்தான். சேர்ட்டைத் தோளில் மாட்டினால் கொடியில் காயப் போட்டதுபோலத் தொங்கியது. இந்த நிலையில் வீடு மாறச் சொன்னால் எங்கே போவார்கள்? ஆஸ்பத்திரி பக்கத்தில், லிஃப்ட் இருக்கிற, அவர்களுக்குக் கட்டுப்படியான வீடு வெள்ளவத்தையில் இனிக் கிடைக்காது. நோயாளி இருக்கிறார் என்றால் தரகர்மார் போனையே எடுக்கமாட்டார்கள்.

கம்பியைக் கழற்றிய அன்று, கஞ்சி மாதிரி மெதுவானது எதுவும் கொடுக்கலாம், நல்ல சத்தாகக் கொடுங்கள் என்று டொக்டர் சொன்னாராம். நப்ரீஸ் வாய் திறந்து கேட்ட முதல் சாப்பாடு அவனுடைய உம்மா காய்ச்சுகிற சூப். அரைத்த மாட்டிறைச்சியும் மரக்கறியும் போட்டது. கோழியில் செய்து தருகிறேன் என்று இவள் சொல்ல, அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். யன்னலால் எனக்குக் கேட்டது அவ்வளவுதான்.

ஷஹீமா அவசரப்படவில்லை. தீபாவளி வரப்போகிறது, அது போகட்டும் என்று பொறுத்தாள். தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமையும் இல்லை. சட்டியை அடுப்பில் வைத்தாள்.

வெங்காயமும் உள்ளியும் இஞ்சியும் வதங்கின. அரைத்த இறைச்சியைப் போட்டு மரக்கரண்டியால் கட்டியில்லாமல் உடைத்தாள். எந்த மிருகம் என்று யன்னலிலிருந்து எப்படித் தெரியும் என்கிறீர்களா? மாட்டுக்கு ஒரு கனத்த மணம் உண்டு. எனக்கு அது எப்படிப் பழக்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். பிறகு கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி. எல்லாம் மூக்குத்தி அளவுக்குப் பொடிப்பொடியாக வெட்டியது. அவனுடைய தாடையை நினைத்து வெட்டியிருக்கிறாள். ஒரு துண்டு கறுவா, நிறைய மிளகு. தண்ணீர் ஊற்றி மூடினாள். கொதி அடங்கி, அவள் மூடியைத் திறக்க, மேலே எண்ணெய் பொட்டுப்பொட்டாக மிதந்த நேரம் என் போன் அடித்தது.

கீழே வாசலில் நிற்கும் காவலாளி பழனிமுத்து. யார் வந்தாலும் எனக்கொரு சொல் சொல்லிவிடுவார். அது எங்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

"அம்மா, கிருபா ஐயா வந்துட்டாருங்க. கையில பூவெல்லாம் இருக்குதுங்க. லிஃப்டுக்கு நிக்கிறாரு."

அவரும் சஷ்டி பிடிப்பவர் என்பது அப்போதுதான் என் மண்டையில் அடித்தது. தீபாவளிக்கு மறுநாள் கந்தசஷ்டி தொடங்குகிறது. என்னைப்போல ஆறு நாளும் கிருபா அண்ணையும் விரதம். ஆறு நாளும் விளக்கேற்ற வருவார். தீபாவளி போகட்டும் என்று காத்திருந்த பிள்ளை, காத்திருந்து காத்திருந்து வருஷத்திலேயே மோசமான நாளைத் தெரிந்தெடுத்திருக்கிறது.

யன்னலால் எட்டி, "அவர் வாறார்! லிஃப்டில!" என்றேன்.

"ஆரு?"

"வீட்டுக்காரர்! சஷ்டியடி, சஷ்டி!"

சஷ்டி என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கவில்லை. லிஃப்ட் விளங்கியது. அடுத்த நிமிஷம் என் கதவில் காலால் உதைக்கிற சத்தம். திறந்தால், இரண்டு கையிலும் துணி சுற்றி, ஆவி பறக்கிற சட்டியோடு நிற்கிறாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் வெச்சிருங்க. அல்லாவுக்காக. அவர் வெள்ளிக்கெழமதானே வார? தீபாவளி முடியட்டும் எண்டுதானே நான் பாத்துட்டு இரிந்த."

என் சாமிப் படத்துக்கு வைத்த செவ்வரத்தம்பூ இன்னும் வாடவில்லை. நானும் விரதம். லிஃப்டின் சத்தம் மேலே மேலே வந்துகொண்டிருந்தது.

"குசினிக்குள்ள வேண்டாம்," என்றேன். "பாத்ரூமில வோஷிங் மெஷினுக்கு மேல வை."

வைத்துவிட்டு ஓடினாள். அவள் கதவு சாத்தப்படவும் லிஃப்ட் திறக்கவும் சரியாக இருந்தது. நான் என் கதவை ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்துக்கொண்டேன். வேறெதற்கு, காற்றுக்குத்தான்.

நெற்றி நிறைய திருநீறு, ஒரு கையில் பூப்பை, மறு கையில் எண்ணெய்ப் போத்தல். கிருபா அண்ணை கொரிடோரில் நடந்தவர் நின்றார். மூக்கை உயர்த்தினார். பிறகு மெதுவாக ஷஹீமாவின் மணியை அடித்தார்.

அவள் கதவைத் திறந்தபடியே விட்டதால் எல்லாம் தெரிந்தது. நடுவில் கதிரையில் நப்ரீஸ். கழுத்தில் துவாய், மடியில் வெறும் கோப்பை, கையில் கரண்டி. பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தான்.

"என்ன பிள்ளை, ஒரு மணம் வருது?"

"மரக்கறி சூப் அங்கிள். இவருக்கு."

"மரக்கறியோ?"

"ஓ அங்கிள். கரட், லீக்ஸ்."

அண்ணை பூப்பையை மேசையில் வைத்துவிட்டு நேரே குசினிக்குள் போனார். எனக்கு நாக்கு வறண்டது. விரதத்தால் இருக்கும். பிறகு அவருடைய குரல் வந்தது, சத்தம் போடாமல். அதுதான் பயம்.

"கரட் தோல் இருக்கு. லீக்ஸ் தாள் இருக்கு. அடுப்பு சுடுது. சூப் எங்க?"

ஷஹீமா நப்ரீஸைப் பார்த்தாள்.

அவர் வெளியே வந்தார். கையில் மூடி! உட்பக்கம் நீர் முத்து முத்தாகத் தொங்கியது. பாவி, சட்டியைத் தூக்கியவள் மூடியைக் குசினி மேசையில் விட்டுவிட்டாள்.

"மூடி இஞ்ச. சட்டி எங்க?"

அண்ணை மூடியை மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது. கொரிடோருக்கு வந்து அங்கேயும் மோந்தார். சூடான சட்டி போன வழியெல்லாம் மணம் கோலம் போட்டிருந்தது. கோலம் என் வாசலில் முடிந்தது.

கதவைச் சாத்த நேரமில்லை. சாத்தினால் அதுவே சாட்சி.

"அனுஷியா, உன்ர வீட்டாலயும் மணக்குது."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு நாளும் தயக்கம் இருந்ததில்லை. மற்றவர்களைப் பற்றிய உண்மை என்றால் கேட்காமலே சொல்வேன். ஆனால் அவர் தோளுக்கு மேலால் ஷஹீமா தெரிந்தாள். துணி சுற்றிய கை இரண்டையும் அவிழ்க்கவும் மறந்து நின்றாள். இவர்கள் போனால் அடுத்து யார் வருவார்கள் என்றும் யோசித்தேன். இவர்களுக்கு முன் அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் குசினி யன்னலுக்குத் திரைச்சீலை போட்டவர்கள். அப்படிப்பட்ட ஆட்களோடு எப்படிச் சீவிப்பது?

"அந்த மூடி என்ர சட்டிக்குத்தான் அண்ணை," என்றேன். "மூடி இல்லையெண்டு அந்தப் பிள்ளையிட்ட இரவல் கேட்டனான். கொண்டுபோய்ப் போட்டுப் பாத்தன், அளவு காணாது, திருப்பிக் குடுத்திட்டன்."

"சட்டியில என்ன?"

மரக்கறி என்று சொன்னால் உள்ளே வந்து பார்ப்பார். பார்த்தால் பொய் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தே உடையும்.

"மாடு."

அவருக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"சஷ்டியில, அனுஷியா?"

"எனக்கு இரத்தம் குறைவாம், அண்ணை. டொக்டர் சொல்லிப்போட்டார்."

"அப்ப அந்தப் பிள்ளையின்ர சூப்?"

"கொட்டிட்டேன்," என்று ஷஹீமா பின்னாலிருந்து சொன்னாள். "உப்புக் கூடிட்டுது அங்கிள். சட்டிய பாத்ரூமில ஊறப் போட்டிருக்கி."

அவர் அவளைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பினாரா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாத விஷயம் இந்தத் தொடர்மாடியில் இது ஒன்றுதான். மூடியை என் கையில் தரவில்லை. நிலத்தில் வைத்தார், தீட்டுக்காரிக்கு வைப்பதுபோல. திரும்பிப் போய்க் கை கழுவி, சாமி அறையைத் திறந்து விளக்கேற்றினார். மணிச்சத்தம் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கேட்டது. போகும்போது ஷஹீமாவிடம், "உப்பைப் பாத்துப் போடு பிள்ளை, அவன் மெலிஞ்சு போனான்," என்றார். என் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரமே செய்தி பாமன்கடை வரை போய்விட்டது. இந்த வேகம் எனக்குக்கூட வராது. சூரசம்ஹாரத்தன்று எங்கள் தொடர்மாடிப் பூசைக்குச் சர்க்கரைப் பொங்கல் வருஷா வருஷம் என் கையால்தான். இந்த முறை இரண்டாம் மாடிக்காரி போன் எடுத்தாள். "உங்களுக்கு ஏன் கரைச்சல், அக்கா? நீங்க உடம்பைப் பாருங்கோ. இரத்தம் குறைவாமே." குரலில் அப்படியொரு இனிப்பு. பொங்கலுக்குச் சர்க்கரை தேவைப்பட்டிருக்காது.

என் கணவர் புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளார்க். கதையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு காலமும் ஊருக்கு வழக்குச் சொன்னாய். இப்ப நீயே எதிரிக் கூண்டில நிக்கிறாய்," என்று சிரித்தார்.

அந்த முதல் நாள், அண்ணை போனதும் சட்டியை ஷஹீமாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு யன்னலால் பார்த்தேன். நப்ரீஸ் ஒவ்வொரு கரண்டியையும் வாய்க்குள் வைத்து, கண்ணை மூடி, நோவு போகும்வரை காத்திருந்து விழுங்கினான். கோப்பை முடிந்ததும் வாயால் கேட்கவில்லை. கோப்பையை நீட்டினான்.

சஷ்டி முடிந்த பிறகு ஷஹீமா என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் வெட்கம், கையில் ஒரு பை. பைக்குள் என்ன என்று மூக்கு சொல்லிவிட்டது.

"அக்கா, கோவிக்காதீங்க. இவருக்கு இன்னொருக்கா வேணுமாம். இனி எங்கட வீட்டுல ஏலாது, எனக்குப் பயம்." கொஞ்சம் தயங்கினாள். "ஓங்கட வீட்டுக்கு எப்படியும் பேர் கெட்டுத்தானே போச்சு? இங்கயே காய்ச்சுவமா?"

அவளை மேலும் கீழும் பார்த்தேன். துணிச்சல்காரி. இப்படிப்பட்ட ஆளை எந்த வீட்டுக்காரரும் வீட்டைவிட்டு எழுப்பிவிடக் கூடாது.

"வா," என்றேன். "இந்தமுறை மூடியையும் கொண்டு வா."