நிருதி லிங்கம் வரைக்கும்

1.
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடைத்தது. இயந்திரத்தின் மூடியைத் திறந்தால், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு படிவம். முதுகில் டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் பத்து வருஷம் கழித்து ஆஸ்பத்திரி கேட்கும் கேள்விகள். 'கால் மரத்துப்போகிறதா?' என்பதற்கு 'இல்லை' என்று எழுதி, அடித்து, 'ஆமாம்' என்று திருத்தியிருந்தது. 'வலியில்லாமல் நடக்கும் தூரம்' மட்டும் காலி.

2.
முதல் தொடக்கம்: 'அந்த ஆண்டின் முதல் பனி விழுந்தபோது அர்ஜுனன் தன் கம்பளிக் கோட்டை...'

(வேண்டாம். இது பங்குனி மாதத் திருவண்ணாமலை. மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்தால் இப்படித்தான்.)

இரண்டாவது: அர்ஜுனனுக்கு நாற்பத்தாறு வயது. முதுகிலிருந்து காலில் இறங்கிய வலி, பத்து வருஷத்துக்கு முன் ஆபரேஷனோடு போயிற்று. அதிலிருந்து பௌர்ணமி தவறாமல், விடிந்ததும், மனைவி மணிமொழியோடு மலையைச் சுற்றுகிறான். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலோடு.

ஆனால் ஒரு வருஷமாக, கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களில் நாலாவதான நிருதி லிங்கத்தருகே இடது கால் மரத்துப்போகிறது. சொன்னால் மறுபடி ஆபரேஷன் என்பார்களே. அதனால் கிளம்பும்போதே, "நீ மெதுவா வா மணி, நான் முன்னால போறேன்" என்று போய்விடுவான். நிருதி லிங்கத்தில் நண்பன் ஜியாவுல்லாவின் ஆட்டோ நிற்கும். ஏழாவதான குபேர லிங்கத்தில் இறங்கி, வியர்வைக்குப் பதிலாகச் சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு காத்திருப்பான்.

(ஒரு டாக்டரிடம் கேட்டேன். "பலபேர் நல்லா இருப்பாங்க, சிலருக்குத் திரும்பி வரும். யாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாதும்மா" என்றார். கதை எழுதுகிறவளுக்கு எந்த உதவியும் செய்யாத பதில்.)

3.
பௌர்ணமி நடை முடிந்து வீட்டில், காலை பதினோரு மணி. மணிமொழி படிவத்தை நிரப்புகிறாள்.

"கால் மரத்துப்போவுதா?"

"இல்லைன்னு போடு."

"எவ்ளோ தூரம் நடக்கிறீங்க?"

"இன்னா கேள்வி இது. முழு சுத்துன்னு போடு."

பேனா நகரவில்லை.

"சுத்தி வந்தா என் உள்ளங்கால் கன்னங்கரேல்னு இருக்குது. உங்களுது மட்டும் பாதி கருப்புதான்."

(இது என் வரைவில் இல்லை. ஏமாறுவதற்காகவே நான் அவளைக் கதைக்குள் கொண்டுவந்தேன்.)

"ஜியாவுல்லா சொல்லிட்டானா?"

"ஓ, ஆட்டோவா. இப்பதான் சொன்னீங்க."

அவன் பாயின் ஓரத்தைப் பிய்த்தான்.

"நிருதி லிங்கம் வரைக்கும்தான் முடியுது மணி. திரும்ப வெட்டுவாங்களோன்னு பயம்."

"பயம்னா எங்கிட்ட சொல்லணும். குபேர லிங்கத்துல போய் ஒளிஞ்சிக்கிறதா?" 'இல்லை'யை அடித்தாள். "திங்கக்கிழமை ஸ்கேன். தூரத்தை அப்புறம் எழுதிக்கலாம். இதை ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க."

(எடுக்கப் போனவன்தான் மறந்துவிட்டு வந்தான்.)

4.
முடிவு (அ): பயிற்சியிலேயே கால் சரியாகிறது. முடிவு (ஆ): இரண்டாவது ஆபரேஷன். இரண்டையும் எழுதி, இரண்டையும் கிழித்தேன். (இ) ஸ்கேன் அறைக்கு வெளியே மணிமொழி...

இல்லை. அடுத்த பௌர்ணமிக் காலைக்கே போகிறேன். ஸ்கேனில் என்ன வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த முறை யாரும் முன்னால் போகவில்லை. நிருதி லிங்கத்தில் அவன் உட்கார, அவளும் உட்கார்ந்தாள். ஜியாவுல்லா ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு டீ வாங்கப் போனான்.

"ஆட்டோவா, நடையா?" என்றாள்.

"எந்திரிச்சிப் பார்த்தாதான் தெரியும்."

அவன் எழ, அவள் கையை நீட்டினாள். நான் இதற்குமேல் போகவில்லை. படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் எத்தனை கிலோமீட்டர் என்பதை நீங்கள் எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள்.