கூடையை யார் பார்ப்பது

கங்கம்மாவின் அடிவயிற்றில் இருந்தது பெரிய வலி இல்லை. ஈரத்துணியை முறுக்கி உள்ளே வைத்ததுபோல ஒரு பிடிப்பு. மழைக்காலத்தில் வந்தது, வெயில் வந்தும் போகவில்லை. சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். வாய்வு என்று பூண்டைச் சுட்டுத் தின்றாள். அவள் அக்காவுக்கும் இப்படி லேசாகத்தான் ஆரம்பித்தது. கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் முற்றியிருந்தது. அதனால்தான் கங்கம்மா யாரிடமும் கேட்கவில்லை.

கடைசியில் மகள் ஆஷா தேனாம்பேட்டை ஆபீசுக்கு லீவு போட்டு, அவளை மயிலாப்பூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு இழுத்துப் போனாள்.

“ஏவாரத்த வுட்டுட்டு வந்துக்கீறேன். லூர்து இந்நேரம் என் கிராக்கிய எல்லாம் வளைச்சிருப்பா.”

“நீ செத்துட்டாலும் அவதான் வளைப்பா. வாம்மா.”

பட்டினப்பாக்கம் சாலையோரத்தில் லூர்துவும் கங்கம்மாவும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மீன் விற்பவர்கள். ஆள் இல்லாத பலகைக்கு வரும் வாடிக்கை, அடுத்த பலகைக்காரிக்குப் போய்விடும். அங்கே அது வழக்கம். யாரும் தப்பாக நினைப்பதில்லை, இழந்தவளைத் தவிர. கங்கம்மா அக்கா சாவுக்குப் போயிருந்த வாரத்தில் அவளுடைய வாடிக்கையான வக்கீல் வீட்டம்மாவை லூர்து அப்படித்தான் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஸ்கேன் சென்டரில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார்கள். “குடிச்சிட்டு அடக்கி வைங்க. முட்டிக்கிட்டு வந்தா சொல்லுங்க” என்றாள் நர்ஸ்.

பெஞ்சில் இருந்த மற்ற பெண்கள் நெளிந்தார்கள்; ஒவ்வொருவராக உள்ளே ஓடினார்கள். கங்கம்மா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். நர்ஸ் வந்து வந்து கேட்டாள். இன்னும் வரலம்மா என்பதே பதில். போதும் என்று அவர்களே உள்ளே கூட்டிப்போனார்கள்.

டாக்டர் வஜீஹா திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “மூத்திரப்பை நிறைஞ்சு மேல வரைக்கும் ஏறியிருக்கு. உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்த்தார். பாதி அப்படியே தங்கியிருந்தது.

“கர்ப்பப்பை?” என்று கேட்டாள் ஆஷா. கங்கம்மா விட்டத்தைப் பார்த்தாள்.

“சுத்தமா இருக்கு. கட்டி எதுவும் இல்ல. ஏம்மா, காலையில உக்காந்தா எப்ப எழுந்து போவீங்க?”

“வூட்டுக்குப் போயி. மத்தியானம் ஏவாரம் முடிஞ்சதும்.”

“தண்ணி?”

“குடிச்சா வரும்ல. ஒரு டீதான்.”

வருடக்கணக்காக அடக்கியதில் பை தளர்ந்துவிட்டது, தேங்கிய நீரில் கிருமி வந்திருக்கிறது, அந்த வலிதான் இது என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். “நிறைய தண்ணி குடிங்க. வந்தாலும் வராட்டியும் நேரத்துக்கு எழுந்து போங்க. இல்லன்னா கிட்னி கெட்டுடும்.”

வெளியே வந்ததும் ஆஷா அழுதாள். கங்கம்மாவுக்கு அழுகை வரவில்லை. பலகையை விட்டு எப்படி எழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அரைப் பாட்டில் தண்ணீர் உள்ளே போனதும் அவள் லூர்துவின் பக்கம் திரும்பினாள்.

“லூர்தக்கா, கொஞ்சம் பாத்துக்க.”

லூர்து செதில் சீவுவதை நிறுத்தவில்லை. “வாய் தொறந்துட்டியா. எங்க போற?”

“வூட்டுக்கு. ஒண்ணுக்கு.”

“அதுக்கு மூணு மாடி ஏறப்போறியா?”

“அடக்கி அடக்கித்தான் வலிக்குதாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

கத்தி நின்றது. “எங்க வலி?”

கங்கம்மா கையை வைத்துக் காட்டினாள். லூர்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “போய்ட்டு வா” என்றாள்.

எதிரே அவர்கள் குடியிருப்பின் படிகள் முடிவதாயில்லை. திரும்பி வந்தபோது கூடை வைத்தபடி இருந்தது.

“யார்னா வந்தாங்களா?”

“உன் கிராக்கி, அந்த ஐஸ்ஹவுஸ் ஏரியா பாய் வந்தாரு. எங்கிட்ட வஞ்சிரம் வாங்கிக்கினு போயிட்டாரு.”

கங்கம்மாவிடம் அன்று சங்கராவும் காரப்பொடி மீனும்தான் இருந்தன. அவள் பாட்டிலைத் திறந்து மீதித் தண்ணீரைக் குடித்தாள்.

சற்று நேரம் கழித்து லூர்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நானும் போய்ட்டு வந்துடறேன். பாத்துக்க.”

“உனுக்கும் இந்த வலி கீதா?”

“ரெண்டு வருசமா கீது” என்றபடி நடக்கத் தொடங்கினாள்.

அவள் குடியிருப்பு வாசலில் மறைந்ததும் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. லூர்துவின் பழைய வாடிக்கை, ரிட்டயர்டான வாத்தியார்.

“லூர்து எங்கேம்மா? வஞ்சிரம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.”

கங்கம்மா மாடிப்படியின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“லூர்தக்கா வர நேரமாவும் சார். சங்கரா எடுத்துக்கோங்க, நல்லா கீது” என்று தராசை எடுத்தாள்.