வந்தேன் என்பது எந்தக் காலம்

...பாரசீகத்தில் ஆமத் என்பது இறந்தகால அடி, அம் என்பது தன்மை ஒருமை விகுதி, சேர்த்தால் ஆமதம், பேச்சில் ஊமதம், அதாவது வந்தேன்... சந்தேகமே இல்லை, ரஞ்சனி வந்துவிட்டாள் என்று சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டே அனந்தராமன் மூன்று மாடியும் படியில் இறங்கினார், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. விஷ்ராந்த்வாடி வட்டாரத்திலேயே பாரசீக இலக்கணம் அறிந்த ஒரே தமிழர், அப்படித்தான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார், விசிட்டிங் கார்டில்கூட பாரசீக மொழி ஆய்வாளர், படித்ததென்னவோ மூன்று மாத சர்டிபிகேட் வகுப்பு, அதில் இரண்டு மாதம் எழுத்துக்கூட்டவே போயிற்று... இந்த வயதில் எதற்கு என்று கேட்டால் ஒப்பியல் ஆராய்ச்சி என்பார். கூடப் படித்த ஈரானியனைக் கட்டிக்கொண்டு ஷிராஸுக்குப் போன மகளுக்காக என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல் வராதே, எட்டு வருஷமாகிறது. பாரசீகத்தில் மறுப்பு முன்னாலேயே வந்து நின்றுவிடுகிறது, பியா என்றால் வா, நயா என்றால் வராதே. தமிழில் கடைசியில் அல்லவா வருகிறது, வர... என்ற இடத்தில் மூச்சு விட்டிருந்தால் வரலாம் என்றுகூட முடித்திருக்கலாமே, யார் அவசரப்படுத்தினார்கள்? இன்று காலைதான் துணிந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், ஒரே சொல், பியா. தமிழில் வா என்று எழுதினால் தோற்றதாகிவிடும், பாரசீகத்தில் அது வெறும் பயிற்சி. இரண்டே நிமிஷத்தில் பதில்: ஊமதம், பாபா.

கேட்டில் யாருமில்லை. "கோயி நஹி ஆயா, சாப்" என்றான் வாட்ச்மேன் சுனில், யாரும் வரவில்லையாம், பார்சல்காரன் மட்டும் வந்து போனானாம். ஒரு வாரமாக இவர் நடைப்பயிற்சியில் பியா பியா என்று முணுமுணுப்பதைக் கேட்டவன், இந்தியில் பியா என்றால் காதலன், "பியா கா இந்தஜார், சாப்?" என்று, காதலனுக்காகவா காத்திருப்பு என்கிற மாதிரி பல்லைக் காட்டினான். மடையன், இவனுக்கு விகுதியைப் பற்றி என்ன தெரியும்... அனந்தராமன் அண்ணாந்து கத்தினார், "சரசா! சீக்கிரம் கீழ வா, ரஞ்சனி வந்துட்டா!" மேலேயிருந்து மனைவியின் குரல், "கத்தாதீங்கோ, இதோ வந்துட்டேன்!" குக்கர் ஒரு விசில் விட்டது, இன்னொன்று விட்டது, படியில் செருப்புச் சத்தம் இல்லை... வந்துட்டேன், இறந்தகாலம், தன்மை ஒருமை, ஆள் இன்னும் அடுப்படியில். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருஷமாகக் கேட்கிற சொல், கூப்பிட்டவுடன், கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்ட சொல், வகுப்பில் எந்த வாய்ப்பாட்டிலும் இது இல்லையே, அப்படியானால் ஊமதமும்...? சரசா அப்படிச் சொல்லிவிட்டு இரண்டு நிமிஷத்தில் வந்ததுண்டு, வராமலே இருந்ததும் உண்டு. "கேட் பந்த் கரூ, சாப்?" என்று கேட்டைச் சாத்தப் போனான் சுனில். வேண்டாம் என்று தலையசைத்தார். பாபா என்று எழுதியிருக்கிறாள், அப்பா என்று எழுதவில்லை... தமிழ் மறந்திருக்காது, மறக்கிற பெண்ணா, ஒருவேளை அவளுக்கும் தமிழில் எழுதினால் தோற்றதாகிவிடுமோ, இல்லை, அவளுக்கும் இது வெறும் பயிற்சிதானோ...