ஹஃப்ஸா கல்யாணப் பச்சை

1

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், காவிரிப் படுகையின் பண்பாட்டு வரலாற்றில் ஒரு மாபெரும் திருப்புமுனை நிகழ இருந்தது. சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில், ஒரு பழைய மோட்டார் பைக்கின் எஞ்சின் மூடிமேல், கிளிப்பச்சை நிறத்தில் நிகழ இருந்தது. நிகழவில்லை.

கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை, நாலு வரி எழுத உட்கார்ந்தேன். கும்பகோணத்தில் ‘காவிரிச் சமவெளித் தொன்மை இருசக்கர ஊர்திப் பண்பாட்டுப் பேரவை’ என்று ஒன்று இருக்கிறது. (பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு உறுப்பினர் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.) தலைவர் அமிர்தலிங்கம், ஓய்வுபெற்ற அதிகாரி. என்ன அதிகாரி என்று கேட்டால் ‘உயர்’ என்பார். ஞாயிற்றுக்கிழமை பழைய பைக்குகளின் அணிவகுப்பு. ஒவ்வொரு பைக்குக்கும் முன்னால் ஓர் அட்டை நிற்கும். நன்னிலத்திலிருந்து வரும் பைக்கின் அட்டைக்கு நான் நாலு வரி தரவேண்டும்.

“கல்யாணத்தப்ப பூசின பச்சை சார், அப்படியே இருக்கு. உணர்ச்சியா எழுதுங்க. படிக்கிறவன் அழணும்” என்றார் போனில்.

எழுதிப் பார்த்தேன்.

*பச்சை என்பது வெறும் நிறமல்ல...*

(அடித்தேன். ‘வெறும்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள் எனக்குத் தெரிந்தவரை வெறும் வாக்கியங்களே.)

*ஒரு தகப்பனின் தூரிகையிலிருந்து வழிந்த பாசம்...*

(தூரிகையா? இரண்டு அங்குல பெயின்ட் பிரஷ்ஷாக இருந்திருக்கும். ஆனாலும் தலைவர் அழுவார். வைத்துக்கொண்டேன்.)

*வயல்களின் பசுமையெல்லாம் எஞ்சினில் ஏறி, அது*

அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. பைக்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வெள்ளிக்கிழமை காலை நன்னிலத்துக்கு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது, கும்பகோணத்தையே அழ வைக்கவேண்டிய அந்த மூடி ஒரு பிரியாணி தேக்சாவில் கொதித்துக்கொண்டிருந்தது.

2

கொதிக்கவைத்தவள் ஹஃப்ஸா.* நாற்பத்தைந்து வயது. கடைத்தெருவில் உரக்கடை. அத்தா (அப்பாதான்) அஹமது கபீர் ஆரம்பித்தது. அவர் மௌத்தான பிறகு அவள்தான் நடத்துகிறாள். யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் அத்தாவின் பைக் நிற்கும். தம்பி உபைதுல்லா வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து, உதைத்துக் கிளப்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவான்.

(* பெயரை மாற்றியிருக்கிறேன். எந்தப் பெயராக மாற்றலாம் என்று கேட்டதற்கு, “பச்சைன்னு மட்டும் வைக்காதீங்க” என்றாள்.)

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் வந்தால் வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு சன்னலுக்கு பெயின்ட் அடிப்பார்கள். டப்பாவின் அடியில் மிஞ்சியதைக் கொட்ட யாருக்கும் மனசு வராது. கேட், கைபம்பு, கோழிக்கூடு, எலிப்பொறி என்று கையில் கிடைத்த இரும்புக்கெல்லாம் ஒரு பூச்சு கிடைக்கும். ஹஃப்ஸா கல்யாணத்துக்குக் கிளிப்பச்சை. எலிப்பொறி வரைக்கும் அடித்தும் மிச்சம் இருந்தது. அத்தா அதை எஞ்சின் மூடிக்கு அடித்தார். கம்பெனிக்காரன் கண்ணாடிபோலத் தேய்த்து அனுப்பியிருந்த அலுமினிய மூடி. அதன்மேல் கிளிப்பச்சை, இரண்டு கை.

அடுத்த சம்பா அறுப்புக்குள் ஹஃப்ஸா பிறந்த வீட்டுக்கே திரும்பிவிட்டாள்.

(ஏன் என்று கேட்காதீர்கள். நிக்காஹ் நடந்தது ஊருக்குத் தெரியும். குலா என்னும் மணவிலக்கை அவளே கேட்டு விலகியது ஜமாஅத்துக்குத் தெரியும். நடுவில் நடந்தது அவளுக்குத் தெரியும். தெரியவேண்டியவர்களுக்கெல்லாம் தெரிந்தாகிவிட்டது.)

கதவும் சன்னலும் மறு வருஷமே நீலமாயின. கேட் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயிற்று. கோழிக்கூட்டைப் புயல் கொண்டுபோயிற்று. மூடியில் இருந்தது மட்டும் எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து, அலுமினியத்தோடு பிறந்ததுபோல இறுகிவிட்டது. கல்யாணம் நிலைக்கவில்லை, பெயின்ட் நிலைத்தது.

“உரக்கடை எதுங்க?”

“நேராப் போங்க. ஹஃப்ஸா கல்யாணப் பச்சை அடிச்ச வண்டி நிக்கும். அதான்.”

இருபது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் வழி சொல்கிறார்கள். ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கெட்ட எண்ணத்தில் சொன்னால் திருப்பித் திட்டலாம். டி.ஏ.பி. கேட்டு வந்த நல்ல மனுஷரை பில் போட்டுக்கொண்டே எப்படித் திட்டுவது?

3

அந்த வாரம் புதன்கிழமை அமிர்தலிங்கம் பைக்கைப் பார்க்க வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூடியைத் தொட்டு, தொட்ட விரலைப் பார்த்து, கண்ணை மூடினார். பெருமாளைச் சேவித்த முகம். உபைதுல்லாவிடம் திரும்பினார்.

“தம்பி, இதுல யாரும் கைவைக்கக் கூடாது. மூலநிலை மாறாத கல்யாண வர்ணம்! தமிழ்நாட்டுலயே இன்னொண்ணு இருக்காது. முதல் பரிசு இதுக்குத்தான். அட்டையில போட்டுடுவோம், அஹமது கபீர் மகள் ஹஃப்ஸா திருமணத்தின்போது பூசப்பட்டதுன்னு.”

கல்லாவில் இருந்த ஹஃப்ஸா நிமிர்ந்தாள். “எம் பேரா?”

“ஆமாம்மா. நல்லா பெரிசா. கும்பகோணமே படிக்கும்.”

உபைதுல்லாவுக்கு வாயெல்லாம் பல். ஹஃப்ஸா கல்லாவை அறைந்து மூடினாள். நன்னிலம் சொன்னது போதாதாம், இனிக் கும்பகோணமும் படிக்கவேண்டுமாம். அமிர்தலிங்கத்தின் கார் திருப்பம் தாண்டுவதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பச்சை போகவேண்டும். பச்சை இல்லாவிட்டால் அட்டை இல்லை.

மறுநாள் உபைதுல்லா திருவாரூருக்குச் சரக்கெடுக்கப் போனதும் மெக்கானிக் ஃபாஜிலைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றச் சொன்னாள்.

“ஆயிலை வடிச்சுட்டேன்க்கா. ஆனா மூடிக்கு அடியில ஆயில் கசியாம இருக்க வைக்கிற பேக்கிங் பிஞ்சுபோச்சு. மறுபடி மாட்டறப்ப புதுசு போடணும். இந்த வண்டிக்கு இங்க கிடைக்காது, தஞ்சாவூர்லதான் தேடணும்.”

“முதல்ல பச்சை போவட்டும், அப்புறம் பார்ப்போம்.”

போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள், பச்சை புதுப் பெயின்ட்போலப் பளபளத்தது. தின்னரில் பஞ்சை நனைத்தாள், பஞ்சு பச்சையானதே தவிர மூடி வெளுக்கவில்லை. உரம் வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் காஸ்டிக் சோடா என்றார். அவள் விவரக்காரி, பழைய அலுமினியத் தட்டு ஒன்றில் முதலில் போட்டுப் பார்த்தாள். நுரைத்துப் பொங்கி, தட்டு கருவாடுபோலக் கறுத்துப்போயிற்று.

“பெயின்ட்டோட மூடியையும் தின்னுடும்ண்ணே.”

“ரெண்டும் ஒழிஞ்சா நிம்மதிதானேம்மா?”

கடைசியில் பெயின்ட் ரிமூவர் கைகொடுத்தது. கெட்டித் தயிர்போல அப்பி, காய்ந்துவிடாமல் உரச்சாக்கின் உள்பையால் இறுகச் சுற்றி வைத்தாள். அவிழ்த்தபோது பச்சை சுருங்கிப் பாலாடையாக எழும்பியிருந்தது. இரும்பு பட்டால் அலுமினியம் கீறும் என்று, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் வழித்தெடுத்தாள். நடுவில் வெள்ளை தெரிந்தது. ஓரங்களில், போல்ட் துளைகளைச் சுற்றி, அத்தா தாராளமாகக் குழைத்து அப்பிய இடங்களில் மட்டும் பச்சை அசையவில்லை.

சரி, வெந்ததை வேகவைத்தே எடுப்போம் என்று தேக்சாவை ஏற்றினாள். நான் போய்ச் சேர்ந்தது அப்போதுதான்.

4

அடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மா ஆமினா நின்று கத்திக்கொண்டிருந்தார்.

“அடியே, அது உன் கல்யாணத்துக்கு வாங்குன தேக்சாடீ! அதுல எஞ்சினைப் போட்டு அவிக்கிறியே, இனிமே அதுல சோறாக்க முடியுமா?”

“அப்ப ரெண்டும் ஒண்ணா ஒழியட்டும்.”

(இங்கே எனக்கே ஒரு சந்தேகம். உரக்கடை நடத்தும் பெண் இப்படி வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுவாளா, அல்லது நான் எழுதிக் கொடுத்த வசனமா? முந்தின வரைவில் அவளைத் தலைகுனிந்து பெருமூச்சு விடவைத்துப் பார்த்தேன். ஹஃப்ஸா பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. வசனத்தையே வைத்துக்கொண்டேன்.)

“நீங்க யாருங்க?” என்றாள் என்னிடம்.

“அட்டைக்கு எழுத வந்தவன்.”

கையை நீட்டினாள். காகிதத்தைக் கொடுத்தேன். தகப்பனின் தூரிகையிலிருந்து வழிந்த பாசத்தை உரத்துப் படித்தாள்.

“எங்கத்தா பாசத்துல அடிக்கலைங்க. டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. அடிச்சார்.”

சங்கதி அவ்வளவுதான். ஆனால் நம் ஆட்களுக்கு அவ்வளவுதான் என்றால் பொறுக்காது. ஒரு பொருள் பழசாகிவிட்டால் போதும், அதற்கு ஆத்மா இருக்கிறது என்று மைக் பிடித்துவிடுகிறார்கள். பிறர் வீட்டுக் கறையைத் தொட்டுப் பார்த்துக் கண்ணை மூடுகிறார்கள். கறைக்கு உரியவள் ‘எனக்கு வேண்டாம்’ என்றால், ‘உனக்கு அதன் அருமை தெரியவில்லை’ என்கிறார்கள். அருமை தெரிந்தவர்கள் தங்கள் வீட்டுக் கறையைக் கொண்டுபோய் வைக்கட்டுமே! அமிர்தலிங்கத்தின் சொந்த பைக்கை நான் பார்த்திருக்கிறேன். மூடிகளுக்கெல்லாம் புது முலாம். அணிவகுப்புக்கு மினி லாரியில் வந்து மினி லாரியில் திரும்பும். மூலநிலை என்பது அடுத்தவன் வண்டிக்கு மட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அட்டையோடு வந்தார். அட்டைகூட இல்லை, ஃப்ளெக்ஸ். என் நாலு வரிக்குக் காத்திராமல் அவரே எழுதிவிட்டார். அதற்குள் ஃபாஜில் பிய்ந்த பேக்கிங்கோடேயே மூடியை மாட்டியிருந்தான். போல்ட் ஓரங்களில் கொஞ்சம் தவிர, மூடி முழுக்க வெள்ளை அலுமினியம்.

“ஐயோ!” என்றார் அமிர்தலிங்கம். “என்னம்மா பண்ணிட்டீங்க? அது வெறும் பெயின்ட் இல்லம்மா, வாழ்ந்த வாழ்க்கை!”

“யாருங்க வாழ்ந்தது?”

உயர் அதிகாரியாக இருந்தபோதுகூட அந்தக் கேள்வி அவருக்கு வந்திருக்காது. “பொதுவா சொன்னேன்மா.”

“பொதுவா சொல்றதுக்கு எம் பேரு எதுக்குங்க?”

வியாழன் ராத்திரியிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்த உபைதுல்லா குறுக்கே வந்தான். “ஏன்க்கா, அத்தா கையால அடிச்சதுக்கா. அதைப் போய்ச் சொரண்டிட்டியே.”

“அத்தா கையால இந்த மூட்டையெல்லாங்கூடத்தான் தூக்குனார். நீ என்னைக்காவது ஒண்ணு தூக்கியிருக்கியா?”

கடையில் நின்ற இரண்டு விவசாயிகள் அவசரமாக விலைப் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

“மூலநிலை போச்சு. பேரவை இந்த ஊர்தியை ஏத்துக்காது” என்றார் தலைவர், தீர்ப்புக் குரலில்.

“கம்பெனிக்காரன் அனுப்புனது அலுமினியந்தானேங்க? அப்ப மூலநிலை இதுதானே?”

அமிர்தலிங்கம் யோசித்தார். நேர்மையாகச் சொல்கிறேன், நன்றாகவே யோசித்தார். “அலுமினியத்துக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷ் இருந்திருக்கும். அதையும் எடுத்துட்டீங்க” என்றார்.

ஃப்ளெக்ஸைக் கடையிலேயே போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

5

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் வாய்பிளக்க, ஹஃப்ஸா தானே பைக்கை ஓட்டிக்கொண்டு அணிவகுப்புக்குள் நுழைகிறாள். துப்பட்டா பறக்கிறது. மூடியில் சூரியன்

(நிறுத்தினேன். அவளுக்கு ஸ்கூட்டிதான் ஓட்டத் தெரியும்.)

அல்லது, உபைதுல்லா ஒரு போல்ட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பச்சைப் பொட்டை விரலால் தடவி, ‘அக்கா’ என்று தழுதழுக்க, இருவரும்

(அவன் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பைக்கையும் துடைக்கவில்லை.)

அல்லது, அமிர்தலிங்கம் திருந்துகிறார். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. வாசகர்களில் யாருக்காவது வந்தால் எழுதி அனுப்பலாம்.

உண்மையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பைக் கும்பகோணத்துக்குப் போகவில்லை. அந்த ஃப்ளெக்ஸைத் தூக்கியெறிய ஹஃப்ஸாவுக்கு மனசு வரவில்லை. அத்தாவின் மகளாயிற்றே, மிச்சத்தை வீணாக்குவாளா? எழுத்துள்ள பக்கத்தைக் கீழே கவிழ்த்து யூரியா மூட்டைகளுக்கு அடியில் விரித்துவிட்டாள். தரை ஈரம் ஏறாமல் இருக்கிறது.

6

போன மாதம் மறுபடி நன்னிலம் போனேன். வேண்டுமென்றே பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடைக்காரரிடம் உரக்கடைக்கு வழி கேட்டேன்.

“நேராப் போங்க சார். ஹஃப்ஸா சொரண்டுன வண்டி நிக்கும். அதான்.”

கடைக்குப் போய் அவளிடம் அதைச் சொன்னேன். பில் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை. “கல்யாணத்தைச் சொல்றதுக்கு இது தேவலை” என்றாள். பிறகு, “தேவலைதானே?” என்று கேட்டாள்.

இதற்கு முன்னால் அவள் கல்யாணத்தின் பெயரால் அறியப்பட்டாள்; இப்போது தான் செய்த காரியத்தின் பெயரால் அறியப்படுகிறாள். இது வெற்றியா, அல்லது ஊர் எப்படியும் ஒரு பெயரை அப்பிக்கொண்டேதான் இருக்குமா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பெண்ணின் விடுதலை என்று முடிப்பவர்கள் அப்படி முடிக்கலாம். ஊர்வாயை மூட முடியாது என்று முடிப்பவர்கள் அப்படியும் முடிக்கலாம். பழம்பொருளின் ஆத்மா என்று முடிப்பவர்கள் கும்பகோணத்தில் உறுப்பினராகலாம்.

தஞ்சாவூரிலிருந்து பேக்கிங் இன்னும் வரவில்லை, மூடியில் ஆயில் ஒழுகுகிறது.