ஆளுக்கு அறுபது பக்கம்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் முந்நூறு பக்க நாவல் ஒன்று பிளேடால் ஐந்து பங்காக்கப்பட்டது.

பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் ஒரு நாட்டின் கதை அது. அதை வாங்கி வைத்தவர் நூலகர். மாணவிகள் படிக்கத் தக்கதுதானா என்று ஐவர் குழு ஓட்டுப் போடும். தகாதென்றால் நூலகம் அவர் கையைவிட்டுப் போய்விடும். முழுதாகப் படிக்க யாருக்கும் நேரமில்லாததால் ஆளுக்கு அறுபது பக்கம்.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நூலகர் கதவோரம் நின்றார்.

“என் பங்குல பதினோரு சாவு. சாப்பாடே இறங்கல,” என்றார் கணக்கு டீச்சர்.

“எனக்கு ஒம்பதுதான்,” என்றார் வேதியியல் டீச்சர், பந்தியில் குறைவாக வைத்துவிட்டதுபோல.

கடைசிப் பங்கு தையல் டீச்சருக்கு. “என்னதுல யாரும் சாகலையே! அந்தப் பொண்ணு கத்தியைக் கீழே போட்டுட்டு, இனிமே மாட்டேன்னு உட்கார்ந்துடறா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.”

“அவ ஏன் கத்தியைப் போட்டான்னு புரியணும்னா, முன்னாடி நடந்ததும் தெரியணும்...” என்று நூலகர் வாய் திறந்தார்.

“உங்களுக்கு ஓட்டு இல்லம்மா,” என்றார் தலைமையாசிரியை. “முழுசாப் படிச்சவங்க நடுநிலையா இருக்க முடியாது.”

தகாது என்று நாலுக்கு ஒன்றாக ஓட்டு முடிந்தது. முதல் நான்கு பங்குகள் பழைய பேப்பர்காரரிடம் போயின. ஐந்தாவது, புது அட்டையோடு நீதிக்கதை வரிசையில் வைக்கப்பட்டது. நூலகர் ஆய்வகச் சாமான் அறைக்கு மாற்றப்பட்டார். ஐந்தாவது பங்கை இதுவரை யாரும் எடுத்துப் போகவில்லை.