சுதாகர் கொடுத்த கேம் பெட்டி

கொடுத்ததெல்லாம் கொடுத்த நிலையிலேயே திரும்பி வரவேண்டும், அப்போதுதான் துரும்பு கிள்ளுவோம் என்று சுதாகர் வீட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயம் முறிந்தால் அதுதான் வழக்கம். இரண்டு வீட்டாரும் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார வேண்டும். வாங்கிய சாமான் ஒவ்வொன்றும் திரும்பப் போக வேண்டும். கடைசியில் கவுண்டர் ஒரு துரும்பை எடுத்துக் கிள்ளிப் போடுவார். அதுவரைக்கும் நான் சுதாகருக்கு நிச்சயமானவள். ஒரு சாமான் குறைந்தாலும், கெட்டிருந்தாலும், துரும்பு முறியாது. எத்தனை வருஷமானாலும் நான் அவனுக்குப் பேசிவைத்த பெண்ணாகவே கிடக்க வேண்டியதுதான்.

சேலையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கொலுசை நான் போடவே இல்லை. பரியப் பணத்தை அப்பா அது வந்த துணியிலேயே முடிந்து வைத்திருந்தார். மிச்சம் இருந்தது கேம் பெட்டி.

அது எனக்குக் கொடுத்ததும் இல்லை. சுதாகர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ரூமில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேம் பெட்டியை நிச்சயத்தன்று கொண்டுவந்து, "மச்சானுக்கு" என்று என் அண்ணன் ராஜதுரை கையில் கொடுத்தான். பிக்கப் வண்டி ஓட்டுகிற, மீசை வைத்த ஆள் என் அண்ணன். அதை வாங்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தான். அதற்கப்புறம் மரவள்ளி லோடை இறக்கிவிட்டு வந்தால் நேராக டி.வி. முன்னால்தான். கிரிக்கெட் கேம்.

அந்தப் பெட்டி இப்போது கெட்டுக் கிடந்தது. சுவிட்சைப் போட்டதும் உள்ளே ஃபேன் இரைய ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில், லோடு ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஏறுகிற சத்தம். பிறகு சூடு அதிகம் என்று திரையில் ஒரு வரி. அதோடு அணைந்துவிடும்.

நிச்சயத்தை முறிக்கச் சொன்னது நான்தான். நான் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்றான் சுதாகர். சாயங்காலம் ஏறுவதற்கு முன்னால் இன்னொன்று. முதலில் பாசம் என்று நினைத்தேன். மட்டிதான் நான். ஒருநாள் பஸ் பழுதாகி நின்றுவிட்டது, போட்டோ போகவில்லை. மையத்து முதலாளியின் நம்பரைத் தேடிப்பிடித்து அவருக்கே போன் செய்து, "கீர்த்தனா வந்திருச்சுங்களா" என்று கேட்டிருக்கிறான். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. இயற்பியல். ஹாஸ்டலில் புழு விழுந்த சாம்பார் தின்று படித்தது பஸ் ஸ்டாப்பில் நின்று அத்தாட்சி காட்டுவதற்கு இல்லை. அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கல்யாணம் வேண்டாம்.

அம்மா அதோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் அண்ணனிடம் சொல்வார், நான் பக்கத்திலேயே நின்றாலும். "போட்டோதானே கேட்டான், பொன்னா பொருளா கேட்டான்னு அவகிட்டக் கேளு."

பெட்டியை முள்ளுக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன். மொபைல் கடை பூபதி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சேலத்துக்கு அனுப்ப வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். துரும்பு கிள்ளுகிற கூட்டமோ வருகிற ஞாயிற்றுக்கிழமை. அந்தத் திருகுக்குப் பொருந்துகிற ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுங்கள் என்றேன். நட்சத்திரம் மாதிரி பள்ளம், நடுவில் ஒரு சின்ன முளை. சாதாரண ஸ்க்ரூடிரைவர் உள்ளே போகாது.

"பொம்பளப்புள்ள இத எதுக்கு கண்ணு கழட்டற? உள்ள என்னமோ ஆயிருச்சுன்னா?"

"உங்களால முடியலைன்னு சொன்னீங்கல்ல, அதுக்குத்தானுங்க."

கொடுத்தார். கழற்றும் வீடியோவை மையத்திலேயே போனில் இறக்கிக்கொண்டேன். மேலே எங்கள் ஊரில் சிக்னல் வரும், போகும். அதை நம்பிப் பெட்டியைத் திறக்க முடியாது.

வெளிச்சத்துக்காக அண்ணனின் பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, பலகை மேல் சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பெட்டியைக் கவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது பிரவுன் டேப். காற்றுப் போகிற ஓட்டைகள் எல்லாவற்றின் மேலும், ஒரு வரிசை விடாமல், ஒட்டியிருந்தது.

"யாரு இத ஒட்டினது?"

"நாந்தான்" என்றார் அப்பா. "செவப்பெறும்பு உள்ள போயிப் போயி வந்துச்சு சாமி. பொட்டி கதகதன்னு இருக்குதுல்ல, முட்டையெல்லாம் தூக்கீட்டுக் குடி வந்திருச்சு."

"அது மூச்சு விடற ஓட்டைப்பா."

"பொட்டி எங்க மூச்சு உடுது?"

டேப்பை உரித்தேன். அடியெல்லாம் பிசுபிசுவென்று கறுப்பாகக் கையில் ஒட்டியது. அடுப்புப் புகை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணனைப் பார்த்தார்.

"அவகிட்டச் சொல்லு. பனிக்கு ஊடெல்லாம் பூசணம் புடிக்குது. அதான் நீ ஆடி முடிச்சதும் அடுப்புக்கு மேல அட்டாலில தூக்கி வெச்சேன், பிளாஸ்டிக் பேப்பர் சுத்தி. மொளகு, வெத எல்லாம் அங்கதான் கெடக்குது. ஒண்ணாச்சும் கெட்டுப்போயிருக்குதா?"

கெட்டதில்லைதான். மிளகு மூச்சுவிடாது. ஆளுக்கொரு பக்கமாகப் பத்திரப்படுத்தி அதன் கழுத்தை நெரித்திருந்தார்கள்.

மூடியைத் திறந்தேன். ஃபேன் இறக்கையில் புகைப் பிசுக்கு, மிளகுக் காம்புத் தூள், வெள்ளை வெள்ளையாய் எறும்பு முட்டை. பெயிண்ட் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். அதைத் தாண்டி உள்ளே, சூட்டை வெளியே தள்ளுகிற தகடுகள், சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக. அவற்றுக்கு நடுவில் கம்பளி மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. சிறுகுச்சியால் நெம்பினேன். ஒரே துண்டாக வந்தது. நீலம், ரோஸ், ஆரஞ்சு. நூல் பஞ்சு.

எங்கள் மலையில் அந்தப் பஞ்சு கிடையாது. அது பனியன் கம்பெனிப் பஞ்சு. சட்டையில் ஒட்டி, ரூமுக்கு வந்து, வருஷக்கணக்கில் இதற்குள் போயிருக்கிறது.

"அண்ணா, இது வந்த அன்னிக்கே கத்துச்சா?"

"கத்துச்சு" என்றான் ராஜதுரை. "நல்ல பவரான மிஷினு போலன்னு நெனச்சேன்."

"அணைஞ்சுச்சா?"

"எப்பவாச்சும். கரண்டுதான் சரியில்லன்னு உட்டுட்டேன்."

"ஒரு வார்த்தை சொன்னியா?"

"மாப்ளெ குடுத்தத நொட்டஞ் சொல்லுவாங்களா புள்ள?"

தூக்கிப்போட வேண்டியதைத் துடைத்துப் பாலித்தீன் கவரில் போட்டு மச்சானுக்குச் சீராகக் கொடுத்திருக்கிறான். மலையிலேயே கிடக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற நினைப்பு. அந்தப் பஞ்சை எடுத்து வைக்கலாம் என்று திரும்புவதற்குள், அம்மா குப்பையோடு கூட்டி அள்ளி அடுப்பில் போட்டுவிட்டார். குப்பென்று எரிந்துபோனது.

அண்ணன் வண்டி டயருக்குக் காற்றடிக்கிற கால் பம்பை எடுத்துவந்தான். ஃபேன் சுழலாமல் நான் விரலால் பிடித்துக்கொள்ள, அவன் மிதித்தான். தூசி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. எல்லாவற்றையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சத்தம் குறைந்திருந்தது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஏறியது. அணைந்தது.

"செத்துப்போச்சு" என்றான்.

"வாய மூடு."

வீடியோவை இன்னொரு தடவை முழுதாகப் பார்த்தேன். சிப்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை உண்டு. சூட்டை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துவது அதுதான். அது காய்ந்தால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பிரயோஜனமில்லை. கல்லூரியில் வெப்பக் கடத்தல் என்று இரண்டு செமஸ்டர் எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு பசையைக் கண்ணில் காட்டியவர் ஒருவருமில்லை. மறுபடி திறந்தேன். பழைய சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி பொரிந்து உதிர்ந்தது. மறுநாள் பூபதி கடையில் பசை வாங்கி வந்து, சுரண்டித் துடைத்து, ஒரு மிளகளவு வைத்து மூடினேன்.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. கொன்றேவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு டி.வி.யில் படம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் புறங்கையை வைத்தேன். வெதுவெதுவென்று காற்று வந்துகொண்டிருந்தது. அம்மா சோறு போட்டு ஆறிப்போகும்வரை அண்ணன் ஆடினான். அணையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சுதாகர் வீட்டார் எடப்புளி நாட்டிலிருந்து வந்துவிட்டார்கள். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. சுதாகர், அவன் மாமன் ராசு, இன்னும் சிலர். மிளகு காயப்போடும் களத்தில் பாய் விரித்திருந்தது. எங்கள் ஊர்க்கவுண்டர் குப்புசாமி நடுவில் உட்கார்ந்தார். பெண்கள் பின்னால். சேலை போனது, கொலுசு போனது, பரியம் போனது. பெட்டியை ஓட்டிக் காட்டுவதற்காக டி.வி.யைக் களத்துக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் சேரில் வைத்து ஒயர் இழுத்திருந்தோம். அண்ணன் சுவிட்சைப் போட்டான்.

ராசு எழுந்து போய்க் குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.

"ஏனுங்க கவுண்டரே, இது ஓடலீங்க."

"லைட்டு எரியுதுல்ல?"

"லைட்டு எரிஞ்சா ஆச்சுங்களா? திருப்பூர் ரூமுல நானே கேட்டிருக்கறேன். மாவு மில்லாட்டம் ஓடும், கட்டலே அதிரும். இப்பப் பாருங்க, சீக்குக் கோழியாட்டம் கெடக்குது. உள்ள இருந்த மோட்டார உருவீட்டாங்க."

"அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அப்பா எழுந்தார். "எம்பட புள்ளதான் கழட்டி உள்ளயெல்லாம் தொடச்சுதுங்க."

"கேட்டுக்கங்க. கழட்டுனத அவிங்களே ஒத்துக்கறாங்க."

கவுண்டர் அப்பாவைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். "ஏப்பா, குடுத்தாப்பல இல்லீன்னா நான் எப்படிக் கிள்ளறது? விவரம் தெரிஞ்ச ஒரு ஆளக் கூட்டியாந்து காட்டீட்டு, இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அறுப்பு முடியட்டும் என்பார்கள், நோன்பி முடியட்டும் என்பார்கள், அப்புறம் பேசிச் சேர்த்துவைப்பார்கள். நான் எழுந்தேன். பின்னாலிருந்து யாரோ முந்தானையை இழுத்தார்கள்.

"பெட்டிக்காரரே இங்கதானே இருக்காருங்க. அவரையே கேளுங்க. சத்தம் போட்டா நல்லதா, போடாட்டி நல்லதா?"

எல்லாரும் சுதாகரைப் பார்த்தார்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் பழுதானதைக் கொடுத்தேன் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன். என் தலைவிதி அவன் வாயில் இருக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தாத்தான் தெரியுமுங்க" என்றான்.

"அப்ப ஆடிப் பாருங்க. எங்கண்ணன் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

கவுண்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆளுக்கொரு ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராஜதுரை பேட்டிங், சுதாகர் பவுலிங். கொஞ்ச நேரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் டி.வி. பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

"நம்மாளு யாரு, நீலமா மஞ்சளா?" என்றார் கவுண்டர்.

"மஞ்சளுங்க."

"அப்பறம் எதுக்குடா அத்தனையும் தூக்கியே அடிக்கற, கீழ அடி."

சுதாகரும் ஆட்டத்தில் இறங்கிவிட்டான். ஆனால் நான் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவருக்கு ஓவர் அது பெட்டியின் பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தது, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுகிற மாதிரி. அண்ணன் ஐம்பது அடித்ததும் சுதாகர் அவசரமாக, "மச்சான், நிறுத்தி சேவ் பண்ணிக்கங்க, அணைஞ்சிரும்" என்றான். பிறகு பெட்டியை இன்னொரு முறை தொட்டுவிட்டு, "இந்நேரம் அணைஞ்சிருக்கோணுமே" என்று முனகினான்.

கவுண்டர் திரும்பினார். "என்ன தம்பி சொன்ன? அணையுமா?"

சுதாகர் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"உன்ரகிட்ட இருக்கறப்பவே அணையுமா?"

ராசு குறுக்கே வந்தார். "அதில்லீங்க கவுண்டரே..."

"நீங்க இருங்க. தம்பி, உன்னத்தான் கேக்கறன்."

"ஆமாங்க. சூடேறி அணையுமுங்க. அந்தச் சத்தம் அதனாலதானுங்க. இப்ப அணையல."

யாரோ சிரித்தார்கள். ராசு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தார்.

"அப்ப குடுத்ததவிட நல்லாத்தான் திரும்பி வருது" என்றார் கவுண்டர். "எடுத்துக்கங்க."

சுதாகர் எடுக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "அது மச்சான்கிட்டயே இருக்கட்டுமுங்க. ஆசப்பட்டுக் குடுத்தது. நான் திருப்பிக் கேக்கல."

பெருந்தன்மை. கூட்டத்தில் ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு சாமான் எங்கள் வீட்டில் நின்றால் துரும்பு முறியாது என்பது தலையாட்டினவர்களுக்கும் தெரியும். கவுண்டர் அண்ணனைப் பார்த்தார். வாங்கினவன் அவன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் அவன்தான், நான் இல்லை.

ராஜதுரையின் கையில் ரிமோட் இருந்தது. திரையில் அவன் ஆள் மட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பந்துக்காகக் காத்திருந்தான். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் எழுந்து பிளக்கைப் பிடுங்கினான். ஒயரைச் சுருட்டி, ரிமோட் இரண்டையும் மேலே வைத்து, பெட்டியைத் தூக்கிச் சுதாகர் மடியில் வைத்தான்.

"எடுத்துட்டுப் போங்க" என்றான். மாப்பிள்ளை என்று சொல்லவில்லை.

சுதாகர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான். "மறுபடி சத்தம் வந்தா எப்படிக் கழட்டறது?"

"யூடியூப்ல இருக்குது."

கவுண்டர் பாயோரத்திலிருந்து ஒரு துரும்பை எடுத்தார். பனியில் நனைந்த துரும்பு. கிள்ளினார், முறியவில்லை, வளைந்தது. முறுக்கினார், நாராகப் பிரிந்தது. கடைசியில் வாயில் வைத்துக் கடித்து இரண்டாக்கி, ஒன்றை அந்தப் பக்கமும் ஒன்றை எங்கள் பக்கமும் துப்பினார்.

"ஆச்சு. போயி வேலயப் பாருங்க."

அண்ணன் டி.வி.யை உள்ளே வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். திருப்புலி நாட்டில் மரவள்ளி லோடு காத்துக்கொண்டிருந்தது.