ஆறாம் வண்டியின் சாட்சி

பணிமனையில் எனக்கு அல்லேலூயா என்று பெயர். வைத்தவர் ஆறாம் வண்டியின் ஓட்டுநர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஹாரன். வாயைத் திறந்தால் மூட மாட்டார், அதனால். காலையில் நான் டார்ச்சும் கையுமாக வண்டிகளைச் சுற்றி வரும்போது, அல்லேலூயா வந்தாச்சு, இனிச் சக்கரமெல்லாம் தானாகச் சுற்றும் என்பார். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விசுவாசி ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுவேன்.

என் வேலை இதுதான். தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஆறு பேருந்துகள். அவை கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் பிரேக், டயர், விளக்கு, கடைசியாகப் பின்பக்கத்து அவசரக் கதவு, எல்லாவற்றையும் சோதித்துத் தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரக் கதவைச் சும்மா பார்த்தால் போதாது. கைப்பிடியைத் தூக்கி, முழுக்கத் திறந்து, மூட வேண்டும்.

வீட்டில் எனக்கு ஜெபம் பண்ண இடம் கிடையாது. இரண்டே அறை. மாமியார், இரண்டு பிள்ளைகள், விடிந்ததும் கீபோர்டைத் தட்ட ஆரம்பிக்கிற கணவர். அவர் வாசிப்பது சபை ஆராதனைக்கு, அதனால் அதையும் குறை சொல்ல வழியில்லை. ஆகவே ஐந்து வண்டிகளை முடித்துவிட்டு ஆறாவதில் ஏறிக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து வேதாகமத்தைத் திறப்பேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். இயேசு அந்தப் பக்கத்தில் என்ன சொல்கிறாரோ அதைச் செய்தாக வேண்டும். செய்யாமல் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டேன். மனஸ்தாபம் உள்ளவர்களோடு போய்ச் சமாதானமாகு என்கிற பக்கம் ஒன்பது நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது. எல்லாம் என் நாத்தனாரால். பத்தாம் நாள் போய்ப் பேசிவிட்டு வந்துதான் திருப்பினேன்.

இவ்வளவு வீறாப்பு பேசுகிறவள் ஆறாம் வண்டியின் தாளில் மட்டும் உட்காருவதற்கு முன்பே டிக் அடித்துவிடுவேன். சோதித்துக்கொண்டிருந்தால் ஜெபத்துக்கு நேரம் போதாது. ஆண்டவருக்காகத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். முதுகுக்குப் பின்னாலேயே அந்த அவசரக் கதவு. அதன் கைப்பிடியைத் தொடாமல் மாதக்கணக்கில் அங்கே உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி வழியில், ஆறாம் வண்டியின் எஞ்சினிலிருந்து புகை கிளம்பியது. ஹாரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பின்கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நாலு பேர் சேர்ந்து தூக்கியும் கைப்பிடி அசையவில்லை. எல்லோரும் முன்வாசலுக்கு முண்டியடித்ததில் ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. புகை தானாக அடங்கியது. அடங்காமல் தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தாளில் என் டிக் இருந்தது. ஆகவே காலையில் கதவு திறந்திருக்கிறது, அப்புறம் ஓட்டுநர்தான் பின்னால் பெட்டிகளை அடுக்கிக் கதவைக் கெடுத்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். ஹாரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை விசாரணை வைத்தார்கள். சாட்சி நான். மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒரே கேள்விதான் கேட்பார்கள், கதவைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடு, உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஹாரனுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். அவரைத்தான் வேலையை விட்டு எடுக்கப்போகிறோமே என்றார், ஏதோ பழைய டயரைக் கழற்றிப் போடுவது மாதிரி.

புதன்கிழமை காலை அன்றைய பக்கத்தைத் திறந்தேன். சத்தியம் பண்ணாதே, ஆமாம் என்றால் ஆமாம் என்று சொல், இல்லை என்றால் இல்லை என்று சொல், அவ்வளவுதான் என்கிறார் இயேசு. பட்டென்று மூடினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஏசப்பா, உமக்கே இது நல்லா இருக்கா?" என்று வாய்விட்டே கேட்டேன். போயும் போயும் அந்த ஹாரனுக்காக நான் என் வேலையைத் தொலைக்க வேண்டுமா? உம்முடைய பெயரையே கேலி பண்ணுகிற ஆள் ஆயிற்றே? வியாழக்கிழமையும் அதே பக்கம்தான்.

ஆறாம் வண்டியைப் பணிமனையின் மூலையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஏறிப்போய் அந்தக் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன், காலை ஊன்றிக்கொண்டு இழுத்தேன். இம்மியும் நகரவில்லை. கொக்கி உள்ளே இறுகிப்போய் எத்தனை நாளோ. பெட்டியாவது ஒன்றாவது. நான் ஒரே ஒரு நாள் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். வெட்கம் தாங்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கீபோர்டை அணைத்துவிட்டுப் போதகரை வரவழைத்துவிட்டார். போதகர் நல்லவர், பொய் சொல்லச் சொல்லவில்லை. கதவைப் பார்க்கவில்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள், அது சரிதான் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா சிஸ்டர், வேதம் வாசிச்சிட்டிருந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தலைவலின்னு சொல்லுங்க. இல்லன்னா வெளிய நம்ம சாட்சி கெட்டுடும்."

எங்கள் சபையில் சாட்சி என்றால் இதுதான். நம் நடத்தையைப் பார்த்து வெளியே இருப்பவர்கள் ஆண்டவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது. ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, அவர் எனக்கு இன்னது செய்தார் என்று சொல்வதற்கும் சாட்சி என்றுதான் பெயர். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அங்கயும் என்னைச் சாட்சின்னுதான் கூப்பிட்டிருக்காங்க, பாஸ்டர். தலைவலின்னு சொன்னா எந்தச் சாட்சி கெடும்?" என்றேன்.

உனக்கு வாய் அடங்காது என்றார் கணவர். போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அந்த ஜெபத்தில் எனக்கு ஞானம் வர வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டார்.

விசாரணை அறையில் ஒரு நீள மேஜை. நடுவில் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள், பக்கத்தில் மேலாளர். மூலையில் ஹாரன், இஸ்திரி போட்ட சட்டையோடு, வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அன்று காலை கதவைச் சோதித்தீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். மேலாளர் இருமினார். அன்று மட்டும் தவறிவிட்டதா என்று அதிகாரி கேட்டார். இல்லை, மாதக்கணக்காகவே சோதித்ததில்லை, டிக் மட்டும் போட்டேன், ஓட்டுநர் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் வேறென்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

தலைவலி என்கிற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. விழுங்கினேன்.

"வேதம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டிருந்தேங்க," என்றேன்.

மேலாளர் சிரித்தேவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. என்மேல் பாவப்பட்டார் போலிருக்கிறது. "சொந்த வேலைன்னு எழுதிக்கட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாங்க. ஜெபம்னே எழுதுங்க. ஆண்டவர் அந்தக் கதவைப் பார்க்கத்தான் என்னை அங்க வெச்சிருந்தாரு. நான்தான் அவரையே சாக்கா வெச்சுக்கிட்டேன். இன்னைக்கு உள்ளதைச் சொல்லுன்னதும் அவருதான், அதையும் எழுதிக்குங்க."

எழுதினார். ஒரு வார்த்தை விடாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணவில்லை.

வெளியே வராந்தாவில் ஹாரனிடம் மன்னிப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், மூன்று நாள் உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். உன் சாமி உன்னை நன்றாக மாட்டிவிட்டார் என்றார். ஆமாண்ணே, நன்றாகத்தான் மாட்டிவிட்டார் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை முதல் அவரை வேலைக்கு வரச் சொன்னார்கள், என்னை வர வேண்டாம் என்றார்கள். சனிக்கிழமை, மணிக்கட்டு முறிந்த பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அம்மா என்னை வாய்க்கு வந்தபடி பேசினாள். பேச வேண்டியதுதானே? நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் போதகர், என் வரிசைப் பக்கம் மட்டும் பார்க்காமல். எழுந்தேன். என் கணவர் அவசர அவசரமாகக் கீபோர்டில் ஏதோ வாசிக்க ஆரம்பித்தார். நிறுத்துங்க என்றேன், மைக் இல்லாமலேயே. நிறுத்தினார். டிக் அடித்தது, கதவு, முறிந்த கை, ஹாரன், தலைவலி, போன வேலை, ஒன்று விடாமல் சொன்னேன். பொய்யோடு நான் பண்ணின ஜெபத்தை இயேசு ஏற்றுக்கொள்ளவில்லை, வேலை போனாலும் பரவாயில்லை என்று என்னைப் பிடித்து இழுத்து உள்ளதைச் சொல்ல வைத்தார், இதுதான் அவர் எனக்குச் செய்த நன்மை என்று முடித்தேன்.

சளி விட்டது என்று சாட்சி சொன்னால்கூடக் கூரை அதிர ஆமென் சொல்கிற சபை அது. அன்றைக்கு ஒருவர் வாய் திறக்கவில்லை. நானே உரக்க ஆமென் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.